ஊசித்துளை

நாமக்கல் பக்கத்தில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். முடிந்து நிற்கும் வண்டியைச் சுற்றி வந்து பார்த்து, ஒரு தாளில் வரிசையாக இருக்கும் கட்டங்களில் குறியிட்டு, அடியில் கையெழுத்துப் போடுவது என் காரியம். இலக்கிய நண்பர்கள் இதைக் கேட்டால் ‘அங்கேயும் விமர்சகன்தானா’ என்பார்கள். ஹாஸ்யத்துக்குச் சொல்வது. ஆனால் அந்தத் தாளில் நான் போட்ட ஒரு குறியைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருஷங்களாக நினைத்து, தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். இப்போது பட்டறையில் இல்லை. தள்ளிப்போடக் காரணமும் இல்லை.

நாங்கள் கட்டிய வண்டிகளில் பெரும்பாலானவை சரக்கு லாரிகள். நடுநடுவே செப்டிக் டேங்க் லாரிகளுக்கும் ஆர்டர் வரும். வீடுகளின் மலக்குழிகளை இறைத்து எடுத்துப்போகும் வண்டி. சேசிஸின் மேல் இரும்பு உருளை, ஒரு வாக்வம் பம்பு, நீளமான ஹோஸ், அவ்வளவுதான். முதன்முதலில் அப்படி ஒரு வண்டி பட்டறையை விட்டுக் கிளம்பியபோது எனக்கு ஏற்பட்ட கிளர்ச்சியை மறைப்பதற்கில்லை. அன்று இரவே ஒரு கவிதை எழுதினேன். குழாய் இறங்குகிறது, மனிதன் ஏறிவிட்டான் என்கிற மாதிரி முடியும். ஒரு சிறுபத்திரிகையில் வெளிவந்தது. யந்திரத்தைக் கவிதைக்குள் கொண்டுவந்த விதம் பற்றி இரண்டு மூன்று நண்பர்கள் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களை வெகுநாள் பத்திரமாக வைத்திருந்தேன்.

அந்த யந்திரம் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ‘உறிஞ்சுகிறது’ என்கிறோம். உண்மையில் அது உறிஞ்சுவதில்லை. பம்பு செய்வதெல்லாம் உருளைக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுவதுதான். அதற்குப் பிறகு குழிக்கு மேலே நிற்கும் ஆகாயம் தன் கனத்தால் கழிவை அழுத்தி, ஹோஸ் வழியாக மேலே தள்ளுகிறது. முழு வெற்றிடம் கிடைத்தாலும் தண்ணீர் பத்து மீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் ஏறும். பாதரசம் என்றால் 760 மில்லிமீட்டர். பதினேழாம் நூற்றாண்டில் டாரிசெல்லி கண்டு சொன்ன கணக்கு. எந்தப் பம்பு முதலாளியாலும் மீற முடியாதது. ஆகவே இந்த வண்டியின் பலம் பம்பில் மட்டும் இல்லை, உருளை எவ்வளவு ஒழுங்காக மூடியிருக்கிறது என்பதிலும் இருக்கிறது. வெளியே இருக்கும் காற்று ஒவ்வொரு சதுர மீட்டரிலும் பத்து டன் கனத்தோடு உள்ளே நுழைய வழி தேடிக்கொண்டிருக்கிறது. எந்த மூலையில் கவனம் தவறியதோ அந்த மூலையை அது கண்டுபிடித்துவிடும்.

அதே நூற்றாண்டில் ஜெர்மனியின் மாக்டபர்க் நகரத்து மேயராக இருந்த ஓட்டோ ஃபான் கெரிக்கே வெற்றிடத்தை உண்டாக்கிப் பார்க்க ஆசைப்பட்டார். முதலில் ஒரு மரப்பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, அதைப் பம்பால் இறைத்தார். மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று சீறிக்கொண்டு உள்ளே போயிற்று. அடுத்து செம்பில் ஒரு கோளம் செய்வித்தார். காற்றை எடுக்க எடுக்க, அது திடீரென்று பெரும் சப்தத்தோடு நசுங்கிவிட்டது. கெரிக்கே சொன்ன காரணம், செய்தவன் அதைச் சரியான உருண்டையாகச் செய்யவில்லை என்பது. பதினாறு குதிரைகள் இழுத்தும் பிரியாத அரைக்கோளங்களைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அதற்கு முன்னால் நசுங்கிய கோளத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை. பட்டறையில் சேர்ந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போதும் அதை ஒரு சுவாரஸ்யமான தகவலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எங்களிடமும் தவறு நேரப் பல இடங்கள் இருந்தன. ஆறு மில்லிமீட்டர் பிளேட் என்று விலை பேசி ஐந்து மில்லிமீட்டரில் கட்டலாம். பெயிண்ட் அடித்த பிறகு யாருக்கும் தெரியாது. உருளையின் உள்ளே வெற்றிடத்தைத் தாங்க வளையங்கள் வைக்க வேண்டும். அதில் இரண்டைக் குறைக்கலாம். உள்பூச்சு மெல்லியதாகப் போதும் என்று விடலாம். மலக்கழிவு தேங்கும் தொட்டியில் அரிப்பு ஜாஸ்தியாக நடப்பது அடியில் அல்ல, மேலே. கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை மேல்சுவரின் ஈரத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. யாரும் குனிந்து பார்க்காத கூரை மெல்ல மெல்லத் தின்னப்படுகிறது. பிறகு, உருளை நிரம்பியதும் தானாக எழும்பி வாயை அடைக்கும் ஒரு மிதவைப் பந்து இருக்கிறது. அது உட்காரும் இருக்கை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் கழிவு நேராகப் பம்புக்குள் போகும். பம்பினுள் சுழலும் தகடுகள் எண்ணெயில் வழுக்கி ஓட வேண்டியவை. சேறு புகுந்தால் தேய்ந்தோ உடைந்தோ போகும். இவை எல்லாம் சில ஆயிரம் ரூபாய் விஷயங்கள். விலையைக் குறைத்துச் சொன்னவனுக்குத்தான் ஆர்டர் என்கிறபோது அந்தச் சில ஆயிரங்களைத் தேடிப் போகாதவன் யார்?

நான் சொல்ல வந்தது வெல்டிங்கைப் பற்றி. 2006, ஐப்பசி மழை. மூன்று வண்டிகளை மாதக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். வெல்டிங் ராடு பொட்டலங்கள் பிரித்தபடி ஈரக்காற்றில் கிடந்தன. ஈரம் குடித்த ராடைச் சூட்டில் உலர்த்தாமல் வைத்தால், உருகும் உலோகத்துக்குள் வாயு சிக்கிக்கொண்டு பற்றில் நுண்துளைகள் விழும். மூன்றாவது வண்டியில் உருளையும் குவிந்த பின்மூடியும் சேரும் கோட்டில், அடிப்பக்கம் ஒரு ஜாண் தூரத்துக்கு, ஊசியால் குத்தின மாதிரி துளைகள். நான்தான் முதலில் பார்த்தேன். மேஸ்திரியிடம் காட்டினேன். செய்ய வேண்டியது என்ன என்று அவருக்கும் தெரியும்: அந்தப் பற்று முழுவதையும் கிரைண்டரால் தோண்டி எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். ஒரு நாள் வேலை.

‘நாளைக்கு டெலிவரி இருக்குதுங்க சார். பட்டி போட்டு அடைச்சுத் தந்துர்றனுங்க’ என்றார்.

கிரைண்டரால் மேலாக வழித்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்தார்கள். சாயங்காலம் பம்பை ஓட்டி வாக்வம் ஏற்றினோம். கேஜில் முள் 600க்கு மேல் போய் நின்றது. பம்பை நிறுத்திக் காத்திருந்தோம். முள் அசையவில்லை. ஏன் அசையவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும். வெற்றிடம் இருக்கும்போது வெளிக்காற்று பட்டியைத் துளைக்குள்ளேயே அழுத்துகிறது. துளையை அடைக்கக் காற்றே துணைபோகிறது. வண்டி கழிவைக் கொட்டும்போது வால்வைத் திருப்பி உள்ளே அழுத்தம் ஏற்றுவார்கள். அன்றைக்குத்தான் பட்டி பிய்த்துக்கொண்டு வரும். அதனால்தான் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பு, உள்ளே சிறிது காற்று ஏற்றி, பற்றுக் கோட்டின் மேல் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று தாளில் ஒரு கட்டம் இருந்தது. அந்தச் சோதனையை நாங்கள் செய்யவில்லை. கட்டத்தில் குறி போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

ஒரு ஊசித்துளையால் பம்பு தோற்றுவிடாது. கசிவைவிட வேகமாக அது காற்றை வெளியேற்றிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் பஞ்சு போன்ற பற்றுக்கு வலு கிடையாது. குண்டும் குழியுமான சாலையில் நிறைபாரத்தோடு ஓடும்போது துளையும் துளையும் சேர்ந்து விரிசலாகிறது. கசிவை ஈடுகட்டப் பம்பு ஓய்வில்லாமல் ஓடுகிறது. ஓட ஓடச் சூடேறி எண்ணெய் நீர்த்துப்போகிறது. தகடுகள் தேய்கின்றன. தேய்ந்த பம்பால் இன்னும் நேரம் ஓடித்தான் அதே வேலையைச் செய்ய முடிகிறது. இரண்டு மாதத்தில் கேஜின் முள் 300ஐத் தாண்ட மறுத்தது என்றார் டிரைவர். 300 என்றால் நான்கு மீட்டர் தண்ணீர். லாரியின் வாய் ரோட்டிலிருந்து இரண்டு மீட்டர் உயரம். குழியின் அடி மூன்று மீட்டர் ஆழம். கணக்கு தானாகவே வந்துவிடுகிறது. மேலே நிற்கும் தண்ணீர் ஏறும். அடியில் கட்டியாக இருக்கும் சேறு அப்படியே கிடக்கும்.

வண்டி பட்டறைக்குத் திரும்பி வந்தபோது டிரைவர் என்னிடம் சொன்னதை அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன்.

‘வூட்டுக்காரரு எட்டிப் பாத்துட்டு, அடிச்சேறு அப்படியே கெடக்குது, முழுப் பணம் எப்படித் தர்றதுன்னாருங்க. பம்பு இழுக்க மாட்டேங்குதுன்னு சொன்னா, அது உங்க பாடுன்னாரு. இந்தப் பையன் வாளிய எடுத்துக்கிட்டு ஏணியில எறங்கிட்டானுங்க. நாஞ் சொல்லலீங்க. அவனாத்தான் எறங்கினான்.’

சேற்றைக் கலக்கியதும் அதில் அடைபட்டிருந்த வாயு எழுந்திருக்கிறது. குறைவாக இருக்கும்போது அழுகல் நாற்றம் அடிக்கும் அந்த வாயு, அளவு கூடும்போது முகரும் சக்தியையே அணைத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று தோன்றுவதுதான் அபாயம். பையன் தலை சாய்வதைப் பார்த்து டிரைவர் கையை நீட்டிச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். ஏணியின் மேற்படியில் நின்றிருந்ததால் கைக்கு எட்டியது. பிழைத்துக்கொண்டான்.

‘அவனாத்தான் எறங்கினான்’ என்ற வாக்கியத்தை அதற்குப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். டிரைவர் இறங்கவில்லை, வீட்டுக்காரர் இறங்கவில்லை. வாளியை எடுக்க வேண்டியது யார் என்று அங்கே யாரும் யாரையும் கேட்கவில்லை. யந்திரம் ஓடும்வரை அவன் கிளீனர், எல்லா லாரிகளிலும் இருப்பது போல ஒரு கிளீனர். யந்திரம் நின்ற மறுநிமிஷம் அவனுடைய சாதி அவனை அழைத்துக்கொள்கிறது. ஜாதி ஒழிப்பைப் பற்றி நான் நிறையப் படித்தவன், கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன். அது ஒரு வெல்டிங் கோட்டில் வந்து நிற்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மலக்குழிக்குள் பாதுகாப்பில்லாமல் மனிதனை இறக்குவதை 2013ஆம் வருஷத்துச் சட்டம் தடை செய்கிறது. குழியில் இறப்பவரின் குடும்பத்துக்குப் பத்து லட்ச ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. பத்திரிகைகளில் இன்றும் அந்தச் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. யந்திரம் வந்துவிட்டால் இது முடிந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் கவிதையில் சொன்னேன். எந்த யந்திரம், யார் கட்டியது, எந்தச் சோதனையைத் தாண்டியது என்று கேட்பவர் குறைவு. கேட்கக் கடமைப்பட்டவர்களில் ஒருவன் நான்.

பையனும் வண்டியோடு வந்திருந்தான். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். நான் அன்றைக்குத்தான் சோப்புத் தண்ணீர் கலந்து, உள்ளே காற்று ஏற்றி, பின்மூடியின் கோட்டில் நுரை தடவினேன். விரிசல் நெடுகக் குமிழிகள் வரிசையாக எழுந்தன; வெடித்தன; மறுபடி எழுந்தன. அவன் பக்கத்தில் வந்து குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

‘சரியாயிருமா சார்?’ என்றான்.

‘ஆயிடும்’ என்றேன்.

பற்றைத் தோண்டி எடுத்து, ராடுகளைச் சூட்டில் உலர்த்தி, மறுபடி போட்டோம். பம்புக்குத் தகடுகள் மாற்றினோம். முழுதாக ஒரு நாள் ஆயிற்று. மேஸ்திரி என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பட்டறையில் இருந்த காலத்தில் அந்தக் கட்டத்தை நான் சும்மா விட்டதில்லை. அதனால் முதலாளியிடம் கெட்ட பெயரும் எடுத்தேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியம்.

பின்னால் என் கவிதைகளைத் தொகுப்பாகப் போட்டபோது அந்தக் கவிதையைச் சேர்க்கவில்லை. நண்பர் ஒருவர் காரணம் கேட்டார். உருவம் சரியாக அமையவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். பொய் சொன்னதாகவும் தோன்றவில்லை. வரிகள் வழுவழுப்பாகத்தான் இருந்தன. உள்ளே அழுத்தம் ஏற்றிப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்திருந்தேன். கவிதையை விலக்கிவிட முடிந்தது. சோதனைத் தாளை விலக்க முடியவில்லை. நான் வேலையை விட்டு வந்த நாளிலும் அது பட்டறையின் கோப்பில், என் குறியோடும் கையெழுத்தோடும் இருந்தது.