வார்டன் தூங்கிய காலை

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், எட்டு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்துகிறார் அந்த அக்கா. அன்று ஓர் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். பத்து மணிக்கே பன்னிரண்டு பேர் சான்றிதழும் கையுமாக நின்றார்கள். ஒன்பதரைக்குக் கரன்ட் போய் வந்ததிலிருந்து ஒரு கம்ப்யூட்டரிலும் நெட் இல்லை.

பெங்களூரிலிருக்கும் தம்பிக்குப் போன் போட்டார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, கடைக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவே ஃபயர்வாலாக வைத்துவிட்டுப் போனது அவர்தான்.

"லைனே போயிடுச்சாடா?"

"ஃபயர்வால்லேருந்து வெளியே பிங் பண்ணிப் பாருக்கா."

பதில் வந்தது. கடைக் கம்ப்யூட்டரிலிருந்து ஃபயர்வால் வரைக்கும் பதில் வந்தது. அதைத் தாண்டினால்தான் ஒன்றுமில்லை.

தம்பி விளக்கினார். பழைய முறை ஐபி முகவரிகள் உலகத்துக்கே சுமார் 429 கோடிதான். எல்லாக் கருவிக்கும் போதாது. அதனால் கடைக்குள் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகள். அவை வெளியே செல்லாது. ஃபயர்வால் அதை எடுத்துவிட்டுத் தன் முகவரியைப் போட்டு அனுப்பும். பதில் வந்ததும் கேட்டவரிடம் சேர்க்கும். இதற்குப் பெயர் 'நாட்'.

"ஹாஸ்டல் பசங்க லெட்டரெல்லாம் வார்டன் பேர்ல போற மாதிரி" என்றார் அக்கா.

டிசிபிடம்ப் கட்டளை போட்டு, வெளியே போகும் தகவலைப் பார்த்தார்கள். அனுப்புநர் இடத்தில் 192.168 அப்படியே இருந்தது. வார்டன் தூங்கிவிட்டார்!

"முகவரி மாத்துற விதியை சேவ் பண்ணாம விட்டுட்டேன்க்கா. ரீஸ்டார்ட் ஆனதும் அழிஞ்சுடுச்சு."

தம்பி சொல்லச் சொல்ல, ஒரே ஒரு வரி தட்டினார் அக்கா. விண்ணப்பப் பக்கம் திறந்தது. பையன்கள் நாற்காலியை இழுத்தார்கள். விதியை சேவ் செய்தவர், "இருங்கப்பா, ஒருதடவை ஆஃப் பண்ணிப் போட்டுப் பார்த்துடறேன்" என்றார்.

"இப்பவாக்கா?"

"இப்பதான்டா. பணம் கட்டுற நேரத்துல மறுபடி கரன்ட் போனா, இந்தப் பசங்க என்ன பண்ணுவாங்க?"

மூன்று நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு எட்டு கம்ப்யூட்டரிலும் நெட் வந்தது. அந்த ஒரு வரியை பில் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு, அக்கா முதல் சான்றிதழை ஸ்கேனரில் வைத்தார்.

மாலை நாலரைக்கு மீண்டும் கரன்ட் போய் வந்தது. தம்பிக்குப் போன் போகவில்லை.