கூர்முனையில் ஒட்டும் உலோகம்

லேத்தில் அலுமினியம் கடையும்போது டூலின் கூரில் வெள்ளி நிறத்தில் ஒரு சிறு மொட்டு முளைப்பதுண்டு. சீவல் டூலின் மேல்முகத்தை உரசிக்கொண்டு ஏறுகையில் அழுத்தத்தாலும் சூட்டாலும் உலோகப் படலம் ஒன்று அங்கே பற்றிக்கொள்கிறது, அதன்மேல் இன்னொன்று. நசுங்கி நசுங்கித் தாய் உலோகத்தைவிடக் கடினமாகும் அந்த மொட்டு, வெட்டும் வேலையையும் தானே எடுத்துக்கொள்கிறது. அது இருக்கும்வரை வெட்டு ஆழமாக விழும். தாங்காமல் உடையும்போது ஒரு துண்டு சீவலோடு போகும். மற்றது கடைந்த பரப்பில் செதிலாகப் பதியும். மழமழப்பு கெடுவது இப்படித்தான். மெல்லிரும்பு போன்ற இளகிய உலோகங்களிலும், வேகம் குறைந்த வெட்டிலும் இத்தொல்லை அதிகம்.

கிளிநொச்சி, வவுனியா போன்ற இடங்களின் லேத் பட்டறைகளுக்குத் தண்ணீர்ப் பம்பி, இருசக்கர உழவு இயந்திரம், அரிசி ஆலை ஆகியவற்றின் தண்டுகளும் புஷ்களுமே வேலையாக வரும். அங்கே இதற்கு மருந்து எளிது. வேகத்தைக் கூட்டலாம், அலுமினியமென்றால் மண்ணெண்ணெய் சொட்டவிடலாம், கூர் போனால் கிரைண்டரில் தீட்டலாம், மிஞ்சிய சொரசொரப்பை எமரித் தாள் தேய்த்துவிடும்.  

மிகச் சிறிய கட்டரால் செய்யும் நுண்வெட்டில் இந்த மருந்துகள் எளிதில் பலிப்பதில்லை. முதல் தடை வேகம். 0.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள கட்டர் நிமிடத்துக்கு 20,000 சுற்றுச் சுழன்றாலும் அதன் விளிம்பு கடப்பது சுமார் 31 மீற்றரே. 40 மில்லிமீற்றர்த் தண்டொன்று லேத்தில் 250 சுற்றில் ஓடினாலும் அதே வேகந்தான். ஆக, மொட்டு வளரத் தோதான மந்த வேகத்திலேயே நுண்கட்டர் பெரும்பாலும் நிற்கிறது.

இரண்டாவது தடை கூரின் மழுக்கம். புதிய நுண்கட்டரின் விளிம்பும் சில மைக்ரோமீற்றர் ஆரத்தில் உருண்டிருக்கும். ஒரு பல் எடுக்கும் சீவலோ 1 மைக்ரோமீற்றராகக்கூட இருக்கலாம். மொட்டு ஒட்டினால் உருட்சி இன்னும் கூடுகிறது. அப்போது உலோகம் சீவலாகப் பிரியாமல் அடியில் நசுங்கி, பக்கவாட்டில் பிதுங்கிப் பிசிறாகிறது.

மூன்றாவது, அளவு. 5 மைக்ரோமீற்றர்ச் செதில் பம்பித் தண்டில் கண்ணுக்கே படாது. நுண்வெட்டில் செய்த 50 மைக்ரோமீற்றர் அகல வாய்க்காலில் அது பத்தில் ஒரு பங்கை அடைத்துவிடும். அவ்வாய்க்காலுக்குள் எமரித் தாளும் நுழையாது.

எனவே ஒட்டவிடாமல் காப்பதே வழி. சுழல்தண்டின் வேகத்தை இயந்திரம் தாங்கும்வரை ஏற்றலாம். ஒவ்வொரு பல்லும் உரசாமல் உண்மையாகவே சீவும் அளவுக்கு ஊட்டம் (கட்டரின் முன்னகர்வு) கொடுக்க வேண்டும். அலுமினியத்துக்கு வைரம் போன்ற கரிப்பூச்சுள்ள அல்லது வைரமுனைக் கட்டரும், முனைக்கு நேரே மெல்லிய எண்ணெய்த் தூவலும் உதவும்.

லேத் டூலைப் போல நுண்கட்டரைப் பட்டறைக் கிரைண்டரில் தீட்ட முடியாது. மொட்டு உடையும்போது கூரையும் பெயர்த்துச் சென்றால் புதிதுதான் வாங்க வேண்டும். லேத் டூலில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் மொட்டை இங்கே காண நுணுக்குக்காட்டி தேவை. முதல் துண்டு வெட்டியதுமே முனையையும் பரப்பையும் அதில் பார்த்துவிட்டால், மிச்சத் துண்டுகள் வீணாகா.