ஒரு பக்கம் இறங்கி நிற்கும் கார்: சில குறிப்புகள்

கார் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று சொன்னால், பட்டறையில் முதலில் வரும் பதில் "ஷாக் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்பதுதான். அதை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஓயாமல் குதிக்காதபடி அடக்குவது மட்டுமே ஷாக் அப்சார்பரின் வேலை. எண்ணெய் முழுக்க ஒழுகிப்போன ஷாக்கோடு நிற்கிற காரும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் நிற்கும், ஓடும்போதுதான் தள்ளாடும். கேஸ் நிரப்பிய ஷாக் சில மில்லிமீட்டர் தூக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

*

சாய்வது காரா, தரையா? மழைத்தண்ணீர் வடிவதற்காக நம் சாலைகளை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்திப் போடுகிறார்கள். இடது ஓரமாக நிறுத்திய எந்தக் காரும் இடப்பக்கம் இறங்கியதாகத்தான் தெரியும். அதே இடத்தில் காரைத் திருப்பி நிறுத்திப் பாருங்கள். தாழ்வு காரோடு சேர்ந்து திரும்பினால் கோளாறு காரில். தரையோடு தங்கிவிட்டால் தரையில். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் கொத்தனாரின் டியூப் லெவல் போதும். தண்ணீர் நிரப்பிய அந்தக் குழாய் நான்கு சக்கரத்தடியிலும் மட்டத்தைச் சொல்லிவிடும்.

*

அளக்கும் முறை. நான்கு டயரும் ஒரே அளவா, காற்று சரியா என்று முதலில் பார்க்க வேண்டும். டிக்கியில் இருக்கும் சாமான்களை இறக்க வேண்டும். முன்னும் பின்னும் பம்பரை அமுக்கி விட்டு, காரைச் சில அடி உருட்டி, ஹேண்ட்பிரேக் போடாமல் நிறுத்த வேண்டும். பிறகு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து, மேலே வளையும் தகரத்தின் விளிம்பு வரை டேப் பிடிக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கில் புகுந்துவிடும்.

காரின் உடல் விறைப்பானது. அதனால் முன்னால் இடம் வலம் எவ்வளவு வித்தியாசமோ, பின்னாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வர வேண்டும். முன்னால் 20 மி.மீ., பின்னால் ஒன்றுமில்லை என்று வந்தால் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். எப்போதோ இடிபட்டு, மட்கார்டைக் கோணலாக மாட்டியிருக்கிறார்கள்.

*

பலரும் தடுமாறும் இடம் இது. நான்கு ஸ்பிரிங்கும் ஒரே வலு, ஒரு மி.மீ. அமுங்க 2 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முன் இடது ஸ்பிரிங் மட்டும் 20 மி.மீ. குட்டையாகிவிட்டது. அந்த மூலை 20 மி.மீ. இறங்காது. 15 இறங்கும், அதை அடுத்த இரண்டு மூலைகளும் ஆளுக்கு 5 இறங்கும், குறுக்கே எதிர்மூலையான பின் வலது 5 ஏறும். முன்னாலும் 10 மி.மீ. சாய்வு, பின்னாலும் 10 மி.மீ. சாய்வு. கெட்டது ஒரே ஒரு ஸ்பிரிங், சாய்வதோ முழுக் காரும்.

இன்னொன்று: தாழ்ந்த மூலையில்தான் சுமை கூடியிருக்கும் என்று தோன்றும். உண்மை நேர்மாறு. முன் இடதும் பின் வலதும் தலைக்கு 10 கிலோ இழக்கின்றன. மற்ற இரண்டும் அதைச் சுமக்கின்றன. கால் ஒன்று குட்டையான கட்டிலில் எந்தக் கால் தரையை விட்டுத் தூக்குகிறது என்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இப்போது ஒருவர் "இடது பக்கம் தாழ்ந்திருக்கிறது" என்று பின் இடது ஸ்பிரிங்குக்கு அடியில் 20 மி.மீ. கட்டை வைத்து உயர்த்துகிறார். இடம் வலம் மட்டமாகிவிடும். ஆனால் ஒவ்வொரு சக்கரத்தின் சுமை மாற்றமும் 10 கிலோவிலிருந்து 20 கிலோவாக இரட்டிக்கிறது. சுமை குறைந்த சக்கரம்தான் ஈரச் சாலையில் பிரேக் அடிக்கும்போது முதலில் வழுக்கும். சாய்வு மறைந்தது, ஆபத்து கூடியது.

*

அப்படியானால் குற்றவாளி முன்னாலா, பின்னாலா? டிராலி ஜாக்கியை முன் கிராஸ் மெம்பரின் சரி நடுவில் கொடுத்து, முன் சக்கரங்கள் தரையை விடும்வரை தூக்குங்கள். இப்போது காரின் முன்பக்கம் ஒற்றைப் புள்ளியில் நிற்கிறது. சாய்வைத் தீர்மானிப்பது பின் ஸ்பிரிங்குகள் மட்டுமே. பின்பக்கம் மட்டத்துக்கு வந்துவிட்டால் கோளாறு முன்னால். சாய்வு நீங்காமல் இருந்தால் கோளாறு பின்னால். அடியில் ஸ்டாண்டு கொடுக்காமல் யாரும் காருக்குக் கீழே போகக் கூடாது.

*

ஒரு டாக்ஸியிலிருந்து கழற்றிய முன் ஸ்பிரிங்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அடிச்சுற்றில், கிண்ணத்தில் உட்காரும் இடத்துக்குச் சற்று மேலே முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் இரண்டு நிறம். ஓரத்தில் நகக்கண் அளவுக்குப் பழுப்பேறிய பிறை. மிச்சமெல்லாம் சாம்பல் நிறத்தில் பளபளக்கும் மணல்பரப்பு. அந்தப் பிறைதான் பழைய விரிசல். கறுப்புப் பூச்சு உரிந்த இடத்தில் துரு பிடித்து, விரிசல் விட்டு, அது மெதுவாக உள்ளே நகர்ந்திருக்கிறது. பளபளப்பு, கடைசியில் ஒரே அடியில் முறிந்த பகுதி. "ரொம்ப நாளா திருப்பும்போது டணக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சுண்ணே, ரோடுதான் மோசம்னு நெனச்சேன்" என்றார் ஓட்டுநர். உடைந்த துண்டு கிண்ணத்திலேயே கிடந்ததால் கார் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. அந்த முனை நழுவியிருந்தால் பக்கத்தில் சுழலும் டயரைக் கிழித்திருக்கும்.

கடற்கரை ஊர்களில் ஓடும் கார்களிலும் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கார்களிலும் இந்தக் கிண்ணத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். சேறும் உப்பும் தங்குவது அங்கேதான்.

*

உடையாமலே இறங்கிய ஸ்பிரிங்கை "வலு போச்சு" என்கிறோம். பெரும்பாலும் போவது வலு அல்ல, உயரம். ஸ்பிரிங்கின் வலு கம்பியின் தடிமன், சுற்றின் அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை, எஃகின் இயல்பு ஆகியவற்றைப் பொறுத்தது. வருடக் கணக்கில் சுமந்தாலும் இவை மாறுவதில்லை. எஃகு நிரந்தரமாகக் கொஞ்சம் அமுங்கிவிடுகிறது, அவ்வளவே. ஆகவே கழற்றி இடதையும் வலதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாலே தெரிந்துவிடும். துரு அரித்தால் மட்டும் கதை வேறு: வலு தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 12 மி.மீ. கம்பி நெடுக 11.5 ஆனால் ஏறக்குறைய 16 சதவீத வலு போய்விடும்.

நிறுத்திப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: சில கார்களில் இடதுக்கும் வலதுக்கும் கம்பெனியே வேறு வேறு ஸ்பிரிங் கொடுக்கிறது. பாகத்தின் எண்ணைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

*

அம்பாசடரில் முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது. லோயர் ஆர்மிலிருந்து பின்னோக்கி ஓடும் நீளமான முறுக்குக் கம்பி, டார்ஷன் பார். 1948இல் வந்த மோரிஸ் மைனரில் அதன் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் வைத்ததும் இந்த ஏற்பாடுதான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக அம்பாசடருக்கு வந்து, 2014இல் உத்தர்பாடா ஆலையில் உற்பத்தி நிற்கும்வரை காலம் தள்ளியது. பின்முனையின் பிடியை மாற்றிப் பொருத்தி உயரத்தைத் திருத்த முடியும். அந்த வசதியே வினையும் ஆனது: பின்னால் இருக்கும் பட்டை ஸ்பிரிங்கில் (லீஃப் ஸ்பிரிங்) ஒரு பட்டை முறிந்து கார் சாய்ந்தாலும், முன்னால் முறுக்கி மட்டமாக்கிவிடலாம். பட்டை முறிந்தேதான் கிடக்கும்.

*

ஸ்பிரிங் சரி, டயர் சரி, இன்னும் சாய்கிறதா? லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். கார் ஜாக்கியில் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முறுக்கி இறுக்கிவிட்டால், இறக்கிய பிறகு அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும். சீக்கிரம் கிழியவும் செய்யும். சக்கரம் தரையில் சுமையோடு நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. ஸ்பிரிங்கின் முனை கிண்ணத்தின் தடுப்பில் சரியாக முட்டி உட்காராவிட்டாலும் உயரம் மாறும்.

காற்றுப் பைகளின் மேல் நிற்கும் விலையுயர்ந்த கார், இரவில் மட்டமாக நின்று காலையில் ஒரு மூலையில் குந்தியிருந்தால், பையின் மடிப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை.

*

சுருளுக்கு இடையில் ரப்பர் திணித்துத் தூக்கும் வேலையைத் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். ரப்பர் பிடித்த சுற்று வேலை செய்யாமல் நிற்கும். அதன் பங்கையும் மற்றச் சுற்றுகள் சுமக்கும். முறிவு அங்கே ஆரம்பிக்கும். பழைய பட்டையைச் சம்மட்டியால் தட்டி வளைவு ஏற்றினாலும், முறையாகப் பதப்படுத்தாவிட்டால் சீக்கிரம் இறங்கிவிடும். மாற்றுவதானால் ஒரே அச்சின் இரண்டு ஸ்பிரிங்கையும் ஜோடியாக மாற்றுங்கள். புதியது ஒன்று, அமுங்கிய பழையது ஒன்று என்று போட்டால் சாய்வு மறுபக்கம் போகும். மாற்றிய பின் வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள்.

காரை விடும்போது "ஒரு பக்கம் தூக்கிக் கொடுங்க" என்று கேட்காதீர்கள். நான்கு மூலையின் அளவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "எந்த ஸ்பிரிங்னு கண்டுபிடிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். காட்ட முடிந்தவரிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள்.