உறையாத நிலம்

பேய்ப்படம் என்றதும் நாம் இருட்டையே எதிர்பார்க்கிறோம். லாரி ஃபெஸெண்டன் நம்மை வெட்டவெளியில், கண்கூசும் வெண்மையில் நிறுத்துகிறார். பெரிய ஸ்டுடியோக்களைச் சாராமல் திகில் படங்கள் எடுத்துவருபவர் அவர். அவருடைய 'தி லாஸ்ட் வின்ட்டர்' 2006இல் டொராண்டோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. கதை நிகழ்வது அலாஸ்காவின் வடகோடியில். பெரும்பாலும் படமாக்கப்பட்டது ஐஸ்லாந்தின் பனிவெளிகளில்.

கடுங்குளிரில் மனிதர் படும் பாட்டைச் சொன்ன படங்கள் பல உண்டு. இப்படத்தின் அச்சமோ குளிர் போதவில்லை என்பதுதான். எண்ணெய் நிறுவனம் தன் கனரக எந்திரங்களைக் கொண்டுவரப் பனிச்சாலை வேண்டும். அதற்கு நிலம் இறுகி உறைய வேண்டும். நிலம் தன் இயல்பு திரிந்து இளகிக் கிடக்கிறது. சூழலியலாளர் ஹாஃப்மன் ஒப்புதல் தர மறுக்கிறார். குழுத்தலைவர் பொல்லாக்குக்கு வேலை நடந்தாக வேண்டும். மண்ணுக்கடியிலிருந்து எழுவது நச்சுவாயுவா, ஆவியா என்பதைப் படம் நெடுநேரம் சொல்வதில்லை. இறுதியில் அவ்வுருவங்களைக் காட்டாமலே விட்டிருக்கலாம் என்பது நம் எண்ணம்.

படம் பேசும் அந்த ஆர்க்டிக் வனவிலங்குப் புகலிடத்தில் எண்ணெய் எடுக்க 2017இல் அமெரிக்கச் சட்டமே வழி திறந்தது. அதை அறிந்து இப்படத்தை மீண்டும் பார்க்கையில், பேயைவிடப் பொல்லாக் கேட்கும் அந்த ஒரு கையெழுத்தே நம்மை அதிகம் அச்சுறுத்துகிறது.