சுகர் மாத்திரை பொண்ணு

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோச்சு, இது மூணாவது வருஷம். மல்லாட்டை பிடுங்குற நாள்ல நானும் வீட்டுக்காரியும் கொல்லைக்குப் போயே ஆகணும். அம்மாவை யார் பாக்குறது? எங்க இரும்பையில வயசானவங்க இருக்குற பல வீட்டுல இதே கதைதான். புள்ளைங்க வேலைக்கு வெளியூர் போயிட்டாங்க.

மாசாமாசம் ஒரு பொண்ணு வரும். 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர். ஊருக்குள்ள 'சுகர் மாத்திரை பொண்ணு'ன்னாதான் தெரியும். மரக்காணம் பக்கத்துப் பொண்ணு, இங்க வாழ வந்தது. கல்யாணத்துக்கு முன்னாடி உப்பளத்துல வேலை. மழைக்காலம் வந்தா அதுவும் இருக்காது. இப்ப மகளிர் குழு மூலமா இந்த வேலை.

"ஆயா, கையை நீட்டு"ன்னு பிரஷர் பாக்கும், விரல்ல குத்தி சுகர் பாக்கும், மாத்திரை கொடுக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி அம்மாவைப் புரட்டி, இடுப்பும் குதிகாலும் செவந்திருக்கான்னு பாக்கும். ரெண்டு மணிக்கு ஒருதரம் திருப்பிப் போடணும், செவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, இதெல்லாம் அது சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அம்மாவுக்குப் படுக்கைப் புண் வரல. அதுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது நோய்த் தணிப்பு நர்ஸ். அந்த நர்சுங்க ஒன்றியத்துக்கு ஒருத்தர்னு கணக்கு. எத்தனை படுக்கைக்குத்தான் போவாங்க?

2021 ஆகஸ்ட் 5-ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச திட்டம் இது. 2024-ல ஐ.நா. விருதும் வாங்கியிருக்கு. நல்ல திட்டம்தான், குறை சொல்ல வரல. ஆனா வீடு வீடா ஏறி இறங்குறவங்களுக்குப் பேரு தன்னார்வலர், வாங்குற காசுக்குப் பேரு ஊக்கத்தொகை. களை எடுக்க வர்றவங்களை நாம தன்னார்வலர்னா கூப்பிடுறோம்? சாயங்காலம் கூலி குறைஞ்சா வரப்புலயே சண்டை வந்துடும்.

அங்கன்வாடியும் இப்படித்தான். 1975-ல தொடங்குனது. மதிப்பூதியம்னு பேர் வெச்சாலும் அது சட்டப்படி ஊதியம்தான், அவங்களுக்குப் பணிக்கொடை உண்டுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 ஏப்ரல்ல. குஜராத்துல இருந்து போன வழக்கு. நடுவுல 47 வருஷம். எத்தனை பேர் வெறுங்கையோட வீட்டுக்குப் போயிருப்பாங்க!

இந்தப் பொண்ணுக்கு நர்ஸ் படிக்க ஆசை, +2 முடிச்சிருக்கு. பாத்த வேலையைக் கணக்குல எடுத்து மேல ஏத்திவிட ஒரு படி இருந்தா நல்லாருக்கும். இல்லன்னா கூட நாலு காசு கிடைக்கிற இடத்துக்குப் போயிடும். போனா நான் தப்பு சொல்ல மாட்டேன். அது கத்துக்கிட்டதும் கூடவே போயிடும்.

அடுத்த கிராம சபையில மூணு தீர்மானம் கேக்கப் போறேன்: நிலையான சம்பளம், வருஷா வருஷம் பயிற்சி, ஒன்றியத்துக்கு இன்னும் ரெண்டு நர்ஸ். நம்ம ஊர்க்காரங்க கையைத் தூக்க வந்துடுங்க.