நாலு சாம்பல்

ஹாலில் டிவி மாட்டிய சுவருக்கு மட்டும் அடர் சாம்பல் என்று முடிவாகிப் பத்து நாள் ஆகிறது. ஷேட் கார்டில் நாலு சாம்பல். எனக்கு நாலும் ஒன்றுதான். வீட்டில் அவளுக்கு நாலும் வேறு வேறாம்.

ஆரணியில் சாயப்பட்டறை வைத்திருக்கும் மாமா வந்தார். கார்டை வாங்கியவர் நேராக வாசலுக்குப் போய்விட்டார். "டியூப் லைட்ல கலர் பாக்கறவன் சாயம் போட லாயக்கில்ல மாப்ள."

வெயிலில் பிடித்ததும் குட்டு வெளிப்பட்டது. ஒன்றில் நீலம் ஓடுகிறது, ஒன்றில் பச்சை, மூன்றாவதில் லேசாகக் காவி. நாலாவதுதான் அசல் யானைக் கலர். உள்ளே வந்தால் மறுபடி எல்லாம் ஒன்று! பாவுக்கு நீலம், ஊடைக்குப் பச்சை கொடுத்து மயில்கழுத்து நெய்கிறவர்களுக்கு இதெல்லாம் பழகிய சங்கதி.

இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன். பட்டு நூல் ஈரத்தில் அடர்த்தியாக இருக்கும், காய்ந்தால் வெளிறும். எமல்ஷன் பெரும்பாலும் நேரெதிர், காய்ந்தால் இன்னும் கறுக்கும். அதனால் சார்ட் அட்டையில் இரண்டு கோட் அடித்து, காயவிட்டு, சுவரில் ஒட்டிப் பார்க்க வேண்டுமாம். ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதற்குப் பெயிண்ட் கம்பெனிகள் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் தருகின்றன: கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. அடர் சாம்பல் அடிமட்டத்தில்தான் கிடக்கும். எங்கள் ஹாலுக்கோ ஒரே ஜன்னல், அதுவும் வடக்குப் பார்த்தது.

அட்டைகள் ஒட்டி மூன்று நாள். என் ஓட்டு காவிக்கு. அவள் நீலத்தின் பக்கத்தில் கல்யாணப் புடவையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெயிண்டர் போனை நான் எடுக்கவில்லை.