மணி கடிக்க என்ன கொடுப்பது?

ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகிறார்கள், மூணாவது மாடி ஃபிளாட்டில் நாய் தனியா இருக்கு. வெளியூரில் பிழைக்க வந்த நம்மாட்கள் நிறைய பேர் வீட்டு நிலவரம் இதுதான். சாயங்காலம் கதவைத் திறந்தால் சோபாவின் கைப்பிடியில் பாதி இல்லை, செருப்பில் ஒன்று இல்லை. அடுத்த நாள் கடைக்குப் போய் எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்கிறோம்: "ரொம்ப நேரம் தாங்கணும், ஆபத்தும் இருக்கக்கூடாது. கடிக்கக் கொடுக்க அப்படி ஏதாவது இருக்கா?"

பி.காம் படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்கு இதில் என்ன தெரியும் என்கிறீர்களா? எல்லாம் டிரான்ஸ்ஃபர் புண்ணியம். முதலில் கேங்டாக்கில் மூன்று வருஷம், இப்போது கான்பூர். நாய் கடிக்கிற சாமான் விஷயத்தில் ரெண்டுமே முக்கியமான ஊர்கள். கூடவே வீட்டில் மணி. கேங்டாக் குவார்ட்டர்ஸ் வாசலில் கிடைத்த தெருநாய்க் குட்டி. இங்கே உள்ளவர்கள் காதில் அந்தப் பேர் 'மனி' என்று விழுந்து, பேங்க்காரன் வேறென்ன பேர் வைப்பான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தவில்லை. வீட்டில் தங்கமணிக்கு அடுத்த அதிகாரம் மணிக்குத்தான். நமக்கு மூன்றாமிடம் :-)

கவுண்டருக்கு வந்து, "வட்டி ரொம்ப அதிகமா வேணும், முதலும் பத்திரமா இருக்கணும்" என்பவர்கள் உண்டு. நாய்க் கடையில் நாம் கேட்பதும் அதேதான். சாமான் கடினமா இருந்தால்தான் ரொம்ப நேரம் வரும், ஆனால் பல் உடையும். மெத்தென்று இருந்தால் பல் பிழைக்கும், ஆனால் பத்து நிமிஷத்தில் துண்டு துண்டாக உள்ளே போய்விடும்.

வளர்ந்த நாய்க்கு 42 பல். மேல்தாடையில் ரெண்டு பக்கமும் ஒரு பெரிய பல் இருக்கும். எதையும் அங்கே கொண்டுபோய் வைத்துத்தான் நொறுக்கும். ரொம்பக் கடினமானதைக் கடித்தால் ஓடு பெயர்ந்த மாதிரி பக்கவாட்டில் பெயர்வதும் பெரும்பாலும் அந்தப் பல்தான். நாய்ப்பல்லின் எனாமல் நம்முடையதைவிட மெல்லிசு. அது வலியையும் லேசில் காட்டிக்கொள்ளாது. ஒரு பக்கமாகவே மெல்லும், பிறகு ஒருநாள் கண்ணுக்குக் கீழே வீங்கும். அப்போதுதான் நமக்குத் தெரியவரும்.

இதற்குக் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் சோதனை சுலபம். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பதியவேண்டும். இல்லையென்றால், அதை வைத்து உங்கள் முழங்கால் சில்லில் ஒரு தட்டு தட்டினால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். வலிக்கும் என்று தோன்றினால் நாய்க்கும் வேண்டாம்.

இப்போ கேங்டாக் கதை. அங்கே லால் பஜாரில் சுர்பி என்று ஒன்று விற்பார்கள். மோரைக் காய்ச்சித் திரித்து, பிழிந்து, அழுத்திக் காயவைத்த கெட்டிப் பாலாடைக்கட்டி. ஒரு துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு மணிக்கணக்கில் மெல்வார்கள் மலைக்காரர்கள். இதே சரக்குதான் நேபாளத்திலிருந்து 'யாக் ச்யூ' என்ற பேரில் அமெரிக்காவுக்குப் போய், இப்போது நம்மூர்க் கடைகளுக்கும் வந்திருக்கிறது. பால், உப்பு, எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான். மிஞ்சும் சின்னத் துண்டை மைக்ரோவேவில் வைத்தால் அப்பளம் மாதிரி பொரியும், ஆறவைத்துக் கொடுக்கலாம். ஆனால் நகச் சோதனையில் சுர்பி தேறாது. நக்கி நக்கிச் சுரண்டுகிற நாய்க்குச் சரி. ஒரே கடியில் நொறுக்கப் பார்க்கிற நாய்க்கு வேண்டாம். நம்ம மணி ரெண்டாவது ரகம்.

கான்பூர் கதை வேறு. கங்கைக் கரையில் ஜாஜ்மாவ் முழுக்கத் தோல் தொழிற்சாலைகள். எருமைத் தோலை ரெண்டாகப் பிளந்து, மேல் தோல் ஷூவுக்கும் பைக்கும் போக, உள் அடுக்கில் எலும்பு வடிவில் முடிச்சுப் போட்டு ஏற்றுமதி செய்வார்கள். கடையில் 'ராஹைட் போன்' என்று தொங்குகிறதே, அதுதான். பேக்கிங் கிரெடிட் கணக்குகளுக்காக ஸ்டாக் இன்ஸ்பெக்‌ஷன் போனபோது பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்கி, வெளுக்க ஹைட்ரஜன் பெராக்ஸைடில் கழுவி, சுற்றி, உலர்த்துகிறார்கள். பதனிடாத தோல் என்பதால் தண்ணீர் பட்டால் ஊறி வீங்கும். வாயிலும் வீங்கும், வயிற்றிலும் வீங்கும். எதில் கழுவினார்கள் என்பதும் முக்கியம். 2017-ல் அமெரிக்காவில் சில ராஹைட் பிராண்டுகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் அங்கே அனுமதியில்லாத கிருமிநாசினியைப் பயன்படுத்தியிருந்ததுதான் காரணம்.

எங்கள் எதிர் ஃபிளாட்டில் ஒரு லாப்ரடார். வீட்டுக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, தனியா இருக்குமே என்று பெரிய ராஹைட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊறி மெத்தென்றான கடைசிப் பகுதியை அது முழுசாக விழுங்கிவிட்டது. மூன்று நாள் வாந்தி, ஸ்கேன், அப்புறம் ஆபரேஷன். பிழைத்தது. ஆனால் அந்த மூன்று நாளும் அவர்கள் வீட்டுப் பெண் ஸ்கூலுக்குப் போகவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

"எலும்பே போட்டுடலாமே சார்" என்பார்கள். வேகவைத்த எலும்பு கூர்கூராகச் சிதறும், கூடவே கூடாது. கடையில் பதப்படுத்தி விற்கும் எலும்பும் அப்படித்தான். அவற்றால் சுமார் 90 நாய்கள் பாதிக்கப்பட்டதாகவும் அதில் 15 இறந்ததாகவும் புகார் வந்திருப்பதாக அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2017-ல் எச்சரித்தது. மான்கொம்பு கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் பல்லை மட்டுமல்ல, சட்டத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் அதை வாங்கி விற்க முடியாது.

இதையெல்லாம் பார்த்தபிறகு எனக்குப் பட்டது ஒன்றுதான். நாம் இந்தச் சாமான்களை வாங்குவது வீட்டில் இல்லாத நேரத்துக்காக. ஆனால் நாம் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் இவற்றைக் கொடுக்கலாம். தனியா விட்டுப்போகிறோமே என்ற உறுத்தலுக்குப் பரிகாரமாக இதைக் கொடுத்தால், வீட்டில் மிகப் பெரிய ஆபத்தை அதன் வாயில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறோம் என்று அர்த்தம்.

அப்போ தனியா இருக்கும் நேரத்துக்கு? எங்கள் வீட்டில், உள்ளே குழியுள்ள கெட்டி ரப்பர் பொம்மை. 1976-ல் அமெரிக்காவில் ஒருவர், தன் ஜெர்மன் ஷெப்பர்டு கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்து வருந்தி, அது ஒரு வேனின் ரப்பர் பாகத்தை ஆசையாகக் கடித்ததிலிருந்து உண்டாக்கிய 'காங்' இந்த ரகம்தான். ரப்பர் நகத்துக்குப் பதியும், பல்லுக்கு வளையும். தங்கமணியின் கண்டுபிடிப்பு, அதன் உள்ளே தயிர்சாதம்! உப்பு, தாளிப்பு எதுவும் இல்லாமல் குழையப் பிசைந்து அடைத்து, ராத்திரியே ஃப்ரீஸரில் வைத்துவிடுவது. காலையில் நாங்கள் கிளம்பும்போது கொடுத்தால், உருகுகிற வரை நக்கிக்கொண்டு கிடப்பார் துரை. தயிர் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு வேகவைத்த பூசணி, கோழி. பொம்மை வாய்க்குள் முழுசாகப் போகாத அளவில் இருக்கணும். துணுக்கு பெயர ஆரம்பித்தால் தூக்கிப்போட்டுவிடணும்.

மெல்லுகிற சாமானுக்கு நேரம் சாயங்காலம் ஏழரை. நான் தரையில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவேன். முழுசாக விழுங்குகிற அளவுக்குச் சின்னதானதும் வாங்கிவிடுவது. பிடுங்கக்கூடாது, பிடுங்கினால் அடுத்த தடவை அவசரமாக விழுங்கப் பார்க்கும். ஒரு துண்டு கோழியை நீட்டினால் தானே கீழே போடும். மே லீவுக்கு ஊருக்குப் போகும்போது மணியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்குச் சாப்பாடு, தட்டு, ரப்பர் பொம்மை எல்லாம் போகும். மெல்லுகிற சாமான் மட்டும் எங்கள் அலமாரியிலேயே இருக்கும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. உங்கள் நாயின் பல்லைப் பார்த்த டாக்டர் சொல்வதே முடிவு. தயிர்சாதத்தில் வெங்காயம், திராட்சை எதுவும் கூடாது, ரெண்டும் நாய்க்கு விஷம். 'சர்க்கரை இல்லாதது' என்று போட்ட பீனட் பட்டரில் ஸைலிட்டால் இருக்கலாம், அதையும் அடைக்காதீர்கள்.